வீட்டு ஜெனரேட்டர்: எத்தனை வாட் போதும்?

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் அழிந்ததைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களும் சேதமாயின. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று. விளக்கு இல்லாத இரவை எப்படியோ கழித்துவிடலாம். குடிநீருக்கு என்ன செய்வது? மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டார் ஓடவில்லை. பல ஊர்களில் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து வந்துதான் தொட்டியை நிரப்பினார்கள். செல்பேசிக்கு மின்னேற்றிக்கொண்டதும் அதிலிருந்துதான்.

இப்படி ஓர் அனுபவத்துக்குப் பிறகு, சொந்தமாக ஒரு சிறு ஜெனரேட்டர் வாங்கிவிடலாம் என்று பலரும் எண்ணுகிறார்கள். கடைக்குச் சென்றால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கே.வி.ஏ. வேண்டும்?" என்பதே. இந்தக் கேள்விக்குப் பெரும்பாலோர் விடை தெரியாமல் விழிக்கிறார்கள். அல்லது பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியதையே தாமும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் இதற்கு வேண்டிய விடை உங்கள் இயற்பியல் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. காகிதமும் பென்சிலும் இருந்தால் போதும், நீங்களே கண்டுபிடித்து விடலாம்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. மின்வெட்டு எல்லாம் ஒரே வகையானவை அல்ல. நாளுக்கு இரண்டு மணி நேரம் போய் வரும் மின்வெட்டுக்கு, பேட்டரியோடு கூடிய இன்வெர்ட்டரே போதுமானது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் அடங்கும் ஆற்றல் 12 × 150 = 1,800 வாட்-மணி; அதாவது 1.8 யூனிட். இழப்புகளைக் கழித்தால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் கையில் கிடைக்கும். மூன்று மின்விசிறிகளும் சில விளக்குகளும் நான்கு மணி நேரம் ஓட இது காணும். சத்தமில்லை, புகையில்லை. ஆனால் பேட்டரி தானாக மின்சாரம் செய்வதில்லை; வாங்கியதைத்தான் திருப்பித் தருகிறது. 2012இல் தமிழகத்தின் பல ஊர்களில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்தையும் தாண்டியபோது, மீண்டும் மின்னேறுவதற்கே போதிய நேரமின்றிப் பல வீடுகளில் பேட்டரிகள் காலியாகவே கிடந்தன. புயலுக்குப் பிந்தைய நாட்களைச் சொல்லவே வேண்டாம். ஜெனரேட்டருக்கு வேலை வருவது அப்போதுதான்.

நிமிடத்துக்கு 3,000 சுற்று

1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த உண்மை உங்களுக்குத் தெரியும்: கம்பிச் சுருளுக்கு அருகே காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் உண்டாகும். வீட்டு ஜெனரேட்டரில் ஒரு சிறு பெட்ரோல் எஞ்சின் மின்காந்தம் ஒன்றைச் சுழற்றுகிறது. அதைச் சுற்றி நிலையாக அமைந்த சுருள்களில் மாறுதிசை மின்சாரம் பிறக்கிறது. ஒரு வடமுனையும் ஒரு தென்முனையும் உள்ள காந்தம் ஒரு சுற்று சுற்றினால் மின்னோட்டம் ஒரு முழு அலையை முடிக்கும். நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் விநாடிக்கு 50 அலைகள். ஆகவே காந்தம் விநாடிக்கு 50 முறை, நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றாக வேண்டும்.

இந்த 3,000 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விளக்கு எரிந்தாலும் சரி, வீடு முழுவதும் ஓடினாலும் சரி, எஞ்சின் இதே வேகத்தில்தான் ஓட வேண்டும். அப்படியானால் சுமை கூடும்போது என்ன மாறுகிறது? பழைய சைக்கிள்களில் டயரில் உரசி ஓடும் டைனமோ இருக்கும். விளக்கை எரியவிட்டதும் பெடல் கனத்துப் போகும். லென்சு விதியின்படி, சுருளில் பாயும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய சுழற்சியையே எதிர்க்கிறது. ஜெனரேட்டரிலும் இப்படியே. சுமை ஏறியதும் தண்டு கனக்கிறது, வேகம் சற்றுக் குறைகிறது. உடனே கவர்னர் என்னும் வேகக் கட்டுப்பாட்டு அமைப்பு பெட்ரோல் கலவையைக் கூட்டி வேகத்தை மீண்டும் 3,000க்குக் கொண்டு வருகிறது. மிக்சியைப் போட்டதும் விளக்கு ஒரு கணம் மங்கித் தெளிவது இதனால்தான்.

கூட்டல் கணக்கில் ஒரு பொறி

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஐந்து எல்.இ.டி. விளக்குகள், ஒவ்வொன்றும் 9 வாட்: 45 வாட். மூன்று மின்விசிறிகள், ஒவ்வொன்றும் 75 வாட்: 225. குளிர்சாதனப் பெட்டி 150. தொலைக்காட்சி 80. செல்பேசிகளுக்கும் மோடத்துக்கும் 30. ஆக 530 வாட்.

கிணற்றடியில் ஒரு குதிரைத்திறன் பம்பு இருக்கிறது. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆனால் இது மோட்டாரின் தண்டில் கிடைக்கும் திறன். கம்பியிலிருந்து அது இழுக்கும் திறன் அன்று. சிறிய மோட்டார்களின் பயனுறு திறன் 65 சதவீதம் என்று கொண்டால், 746 ÷ 0.65, அதாவது ஏறக்குறைய 1,150 வாட் வேண்டும். இதையும் சேர்த்தால் மொத்தம் 1,680 வாட்.

"2,000 வாட் ஜெனரேட்டர் வாங்கினால் தாராளமாகப் போதுமே!" என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? வாங்கி வந்து பம்பின் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். ஜெனரேட்டர் முனகும். விளக்குகள் மங்கும். பம்பு "உம்ம்…" என்று உறுமிக்கொண்டே நிற்கும், சுழலாது.

காரணம் இதுதான். நின்றுபோன மாட்டு வண்டியை முதலில் அசைப்பதற்கு வேண்டிய பலம், ஓடும் வண்டியைத் தொடர்ந்து தள்ள வேண்டியதில்லை. மோட்டாரில் இது இன்னும் கடுமை. நம் வீட்டுப் பம்பில் இருப்பது தூண்டல் மோட்டார். அது சுழலாமல் நிற்கும் கணத்தில், இரண்டாம் சுருளைக் குறுக்குச் சுற்றாக்கிவிட்ட மின்மாற்றியைப் போல நடந்துகொள்கிறது. அப்போது அது இழுக்கும் மின்னோட்டம் வழக்கமானதைப் போல் நான்கு முதல் ஆறு மடங்கு. ஓடும்போது 6 ஆம்பியர் இழுக்கும் நம் பம்பு, கிளம்பும்போது 30 ஆம்பியர் கேட்கிறது. முழு வேகத்தை எட்டியதும் இந்தப் பசி அடங்கிவிடும். அதற்கு ஒரு விநாடிகூட ஆகாது. மின்வாரியத்தின் பெரிய மின்மாற்றிக்கு இது ஒரு பொருட்டே அன்று. 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கும் குறைவாகத் தரக்கூடிய 2,000 வாட் ஜெனரேட்டருக்கோ இது மலை.

ஜெனரேட்டரால் ஈடுகொடுக்க முடியாதபோது மின்னழுத்தம் சரிகிறது. தூண்டல் மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மின்னழுத்தம் பாதியானால் திருப்புவிசை கால் பங்காகிவிடும். ஆகவே மோட்டார் கிளம்பாது. கிளம்பாததால் மிகுதியான மின்னோட்டமும் குறையாது. இப்படியே சில நிமிடங்கள் விட்டுவைத்தால் மோட்டாரின் சுருள் சூடேறிக் கருகும். புயலில் தப்பிய பம்பு ஜெனரேட்டரால் போயிற்று என்றால் எவ்வளவு வருத்தமாக இருக்கும்!

நல்ல வேளையாக, ஜெனரேட்டரும் ஒரு கணம் தன் அளவுக்கு மேல் தர வல்லது. சுழலும் பாகங்களில் சேர்ந்துள்ள இயக்க ஆற்றல் அதற்கு உதவுகிறது. ஆகவே முழு ஆறு மடங்குக்கு நாம் கணக்கிட வேண்டியதில்லை. மோட்டார் ஓடும்போது இழுக்கும் திறனைப் போல் மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வது நடைமுறையில் ஒத்துவரும். நம் பம்புக்கு 3,000 வாட்டுக்குச் சற்று மேல். அதுவும், மற்றவை எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பம்பை முதலில் கிளப்பி, அது ஓடத் தொடங்கிய பிறகு விளக்கையும் விசிறியையும் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். வரிசை மாறினால் கணக்கும் மாறிவிடும்.

குளிர்சாதனப் பெட்டியிடம் இந்தத் தந்திரம் பலிக்காது. அதன் உள்ளே இருப்பதும் மோட்டார்தான். 150 வாட் பெட்டி கிளம்பும்போது ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடும். ஆனால் எப்போது கிளம்புவது என்பதை நாம் முடிவு செய்வதில்லை. உள்ளே இருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி முடிவு செய்கிறது. மற்ற 380 வாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அது கண் விழிக்கும். எனவே பம்பு இல்லாத வீட்டிலும் 530 வாட்டுக்கு 600 வாட் ஜெனரேட்டர் வாங்கினால் தகராறுதான். 1,500 வாட் இருந்தால் நிம்மதி. இன்வெர்ட்டர் வகைக் குளிர்சாதனப் பெட்டியாக இருந்தால் அதன் மோட்டார் மெதுவாக வேகம் பிடிக்கும். அங்கே இந்தச் சிக்கல் மிகக் குறைவு.

கே.வி.ஏ. என்ற எழுத்துகளுக்கும் இங்கே விளக்கம் சொல்லிவிட வேண்டும். மோட்டார் போன்ற சுமைகளில் மின்னழுத்த அலையும் மின்னோட்ட அலையும் ஒரே கணத்தில் உச்சத்தை எட்டுவதில்லை. அதனால் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் ஒரு பகுதிதான் பயனுள்ள வாட்டாக அமையும். இந்தப் பங்கைத் திறன் காரணி என்பர். ஜெனரேட்டர்களுக்கு இது பெரும்பாலும் 0.8. ஒரு கே.வி.ஏ. என்றால் 800 வாட் என்று கணக்கிடுவது பாதுகாப்பானது. அட்டையில் இரண்டு எண்கள் இருந்தால், பெரிய எழுத்தில் அச்சிட்ட உச்சத் திறனைப் பார்த்து மயங்காதீர்கள். தொடர்ந்து தரக்கூடிய திறன் எது என்று தேடிப் பிடியுங்கள். மலையூர்வாசிகள் இன்னும் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால், 300 மீட்டருக்கு 3 முதல் 4 சதவீதம் வீதம் எஞ்சின் பலம் குறையும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் கால் பங்கு பலம் போய்விடும்.

பெரிதாக வாங்கினால் என்ன?

"எதற்கு வம்பு, ஐந்து கே.வி.ஏ.வாகவே வாங்கிவிட்டால்?" என்று கேட்கலாம். அந்த 3,000 சுற்றுகளை நினைத்துப் பாருங்கள். பெரிய எஞ்சின் வெறுமனே சுற்றுவதற்கே கணிசமான பெட்ரோலை விழுங்கும். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய வெப்ப ஆற்றல் ஏறக்குறைய 9 யூனிட். அதில் சிறிய ஜெனரேட்டர் முழுச் சுமையில் ஓடினால் ஒன்றரை யூனிட் அளவுக்குத்தான் மின்சாரமாகக் கிடைக்கும். மீதி சூடாகவும் இரைச்சலாகவும் போகிறது. அதே எஞ்சினைக் கால் சுமையில் ஓட்டினால் லிட்டருக்கு அரை யூனிட்டை ஒட்டியே தேறும். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால், யூனிட்டின் விலை இருநூறு ரூபாய்! மின்வாரியம் வீட்டுக்குத் தரும் மின்சாரத்தின் விலையை உங்கள் வீட்டு மின் கட்டண விவரத்தில் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். காசு ஒரு புறம் இருக்கட்டும். புயல் கடந்த ஊரில் பெட்ரோல் கிடைப்பதே அரிது. பெட்ரோல் பங்கின் பம்பும் மின்சாரத்தால்தான் ஓடுகிறது.

என் கருத்தில், பெரிய ஜெனரேட்டர் வாங்குவதைவிடப் பட்டியலைச் சுருக்குவதே சிறந்த வழி. பழைய 75 வாட் விசிறிக்குப் பதில் பி.எல்.டி.சி. வகை விசிறி மாட்டினால் 30 வாட்டை ஒட்டி முடிந்துவிடும். மூடியே வைத்த குளிர்சாதனப் பெட்டி நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். அதை நாள் முழுவதும் ஓட்ட வேண்டிய அவசியமில்லை. மருந்தை அதில் பாதுகாக்க வேண்டியிருந்தால் மட்டும் கணக்கு வேறு. ஒரு குதிரைத்திறன் பம்பை அரைக் குதிரைத்திறனாக மாற்றினால் தொட்டி நிரம்பக் கூடுதல் நேரம் ஆகும். ஆனால் ஜெனரேட்டர் பாதியாகிவிடும். இஸ்திரிப் பெட்டியும் தண்ணீர் சூடாக்கும் கருவியும் இந்தப் பட்டியலில் இடம்பெறவே கூடாது.

இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்று ஒரு வகை உண்டு. இதில் பிறக்கும் மின்சாரத்தை முதலில் நேர்திசையாக்கி, பிறகு மின்னணுச் சுற்றின் மூலம் 50 ஹெர்ட்ஸ் மாறுதிசையாக்குகிறார்கள். அதிர்வெண் இப்போது எஞ்சினின் வேகத்தைச் சார்ந்திருக்கவில்லை. ஆகவே சுமை குறைந்தால் எஞ்சினும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பெட்ரோலை மிச்சப்படுத்தும், இரைச்சலும் குறையும். விலைதான் கூடுதல். மோட்டாரைக் கிளப்பும் தெம்பு மட்டும் இதற்குத் தனியாக வந்துவிடுவதில்லை. அதைக் கணக்குப் பார்த்தே வாங்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

இதுவரை சொன்னதில் தவறினால் பணம்தான் போகும். இனிச் சொல்வதில் தவறினால் உயிர் போகும்.

போதிய ஆக்சிஜனோடு எரியும் எரிபொருளின் கார்பன், கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. ஆக்சிஜன் பற்றாதபோது கார்பன் மோனாக்சைடு ஆகிறது. சிறு எஞ்சின்களில் தேவையானதைவிட எரிபொருள் சற்று மிகுந்த கலவையே எரிகிறது. கார்களில் நச்சு வாயுவை மாற்றும் வினையூக்கிக் கருவி புகைக்குழாயில் உண்டு. சாதாரண ஜெனரேட்டர்களில் அது இருப்பதில்லை. ஒரு சிறு ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் வெளியிடும் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடை வெளியிடக்கூடும் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. "புகை நாற்றமே இல்லையே" என்பது எந்த ஆறுதலும் அன்று. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இதைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததை எளிதில் விடுவதுமில்லை. காற்றில் சிறிதளவே இருந்தாலும் இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜனைச் சுமக்கும் வலுவை இழக்கிறது. முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். பிறகு தூக்கம் வருவது போன்ற மயக்கம். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு இந்த அறிகுறிகளும் தெரிவதில்லை. மூடிய அறையில் நிலைமை வேகமாக மோசமாகும். எஞ்சின் அறையின் ஆக்சிஜனைத் தானே தீர்த்துவிடுகிறது. ஆக்சிஜன் குறையக் குறைய அது வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு இன்னும் பெருகுகிறது.

2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தை லாரா சூறாவளி தாக்கியது. காற்றுக்கும் வெள்ளத்துக்கும் தப்பிய பலர், அதன் பிறகு மின்சாரமில்லாத வீடுகளில் ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடால் இறந்தார்கள். ஒரே வீட்டில் இருந்தவர்கள் சேர்ந்து மாண்ட நிகழ்ச்சியும் அவற்றுள் உண்டு.

இங்கே ஓர் உண்மையான சங்கடம் இருக்கிறது. மழை பெய்கிறது, ஜெனரேட்டர் நனையக் கூடாது, திருட்டுப் பயமும் உண்டு. உடனே அதைத் திண்ணைக்கோ, மாடிப்படியின் அடிக்கோ, கார் நிறுத்துமிடத்துக்கோ இழுத்துவிடத் தோன்றும். அது கூடவே கூடாது. ஜன்னலைத் திறந்து வைப்பதும் விசிறியை ஓடவிடுவதும் போதா. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, நான்கு பக்கமும் திறந்த சிறு கொட்டகை ஒன்றை முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டும். புகைக்குழாய் நம் வீட்டையோ அண்டை வீட்டையோ நோக்கியிருக்கக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் தனி வீட்டுக்கு ஜெனரேட்டர் வைக்க இடமே இல்லை, அங்கே பேட்டரிதான். எவருக்காவது தலைவலியோ மயக்கமோ வந்தால், எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, உடனே 108க்கு அழைக்க வேண்டும்.

கம்பத்தில் நிற்பவர்

ஜெனரேட்டரை வீட்டு மின்சுற்றோடு எப்படி இணைப்பது? இரண்டு முனையிலும் பிளக் பொருத்திய ஒரு கம்பியை எடுத்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவரிலுள்ள பிளக் துளையிலும் செருகிவிடுவோர் உண்டு. வீடு முழுவதும் விளக்கு எரியும், உண்மைதான். ஆனால் அந்த மின்சாரம் வீட்டோடு நிற்பதில்லை. மீட்டரைக் கடந்து தெருக்கம்பிக்கும் போகும். தெருமுனையிலுள்ள மின்மாற்றி 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்குத் தருகிறது. மின்மாற்றிக்கு ஒருவழிப் பாதை என்பது கிடையாது. தாழ் அழுத்தப் பக்கம் 230 வோல்ட் கொடுத்தால் மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். தெரு முழுவதும் இருள்தானே என்று நம்பி, அறுந்த கம்பியைக் கையில் பிடித்திருக்கும் மின்வாரியத் தொழிலாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். அந்தக் கம்பியின் ஒரு முனை வெறும் பிளக்காக வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், வீட்டுக்குள்ளேயும் ஆபத்து உண்டு.

இதற்கென்றே மாற்றுச் சுவிட்சு இருக்கிறது; கடைகளில் சேஞ்ச் ஓவர் என்பார்கள். அதன் கைப்பிடி மேலே இருந்தால் மின்வாரியம், கீழே இருந்தால் ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் இணைய வழியே இல்லை. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அதைப் பொருத்த வேண்டும். அதற்கு வசதி இல்லாவிட்டால், தேவையான கருவிகளைத் தடித்த நீட்டிப்புக் கம்பி மூலம் நேரே ஜெனரேட்டரிலேயே செருகிக்கொள்வது நல்லது.

பராமரிப்பு பெரிய வித்தை அன்று. ஓடிக்கொண்டிருக்கும்போதோ சூடு ஆறுவதற்கு முன்போ பெட்ரோல் ஊற்றக் கூடாது. எண்ணெய் அளவை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். மறந்துபோகும் விஷயம் வேறொன்று: மாதக்கணக்கில் தொட்டியில் கிடக்கும் பெட்ரோல் கெட்டுப் பிசுபிசுப்பாகி, கார்புரேட்டரின் நுண்துளையை அடைத்துவிடும். இப்போது பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சுகிறது. ஆகவே பெட்ரோலை வடித்துவிட்டு வைக்கலாம். அல்லது மாதம் ஒருமுறை பத்துப் பதினைந்து நிமிடம் இரண்டு மூன்று விசிறிகளையாவது மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது; செப்டம்பரிலேயே ஒருமுறை பம்பையும் சேர்த்துக் கிளப்பிப் பார்த்துவிடுவது நல்லது.